மணி நோயாளியின் கையில்

போன வாரம் ஒரு நர்சிங் மாணவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். ஹிப்னாட்டிசத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன தெரியும், அதை அவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டுமாம். படிப்பில் அது ஒரு பாடமாம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்த பழைய மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் நர்சாக இருந்த எஸ்தர் என்ற கிழவி இன்னும் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, என்னைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

காகிதத்தில் பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, தெரியாது. ஹிப்னாட்டிசம் மந்திரமா? அது உறக்கமா? மனபலம் இல்லாதவர்களிடம்தான் பலிக்குமா? அந்த நிலையில் இருப்பவர் தன் ரகசியங்களைச் சொல்லிவிடுவாரா?

"ஒரு டிக் போட்டா போதும் அம்மச்சி. பத்து நிமிஷத்து வேலையாக்கும்" என்றாள்.

"பிள்ளே, நாலாவது கேள்விக்கு எனக்கு பத்து நிமிஷம் பத்தாது. பேப்பர வச்சிட்டுப் போ. ஞாயிறாச்ச வந்து வாங்கிக்கோ" என்று அனுப்பிவிட்டேன். கட்டத்துக்குள் அடங்காததை நம் சபைப் பத்திரிகைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நர்சிங் படித்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்பேன் கழுவினேன், காய்ச்சல் பார்த்தேன், திட்டு வாங்கினேன். எல்லா நர்சும் செய்ததுதான். சொல்லத் தகுந்தது டாக்டர் ஈப்பன் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

அவர் கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச வராது. வழுக்கைத் தலை, எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. யுத்த காலத்தில் ராணுவத்தில் இருந்தபோது, பர்மா எல்லையில் மயக்க மருந்து தீர்ந்துபோன ஒரு கூடாரத்தில், மூத்த ராணுவ டாக்டர் ஒருவரிடம் இந்த வித்தையைக் கற்றிருந்தார். அவர் பேசியதெல்லாம் மலையாளம். இங்கே நான் தமிழில் தருகிறேன். ஆனால் நோயாளியிடம் அவர் முதலில் சொல்லும் "பேடிக்கண்டா" என்ற வார்த்தையை மட்டும் மாற்ற எனக்கு மனசில்லை. பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்னால் பாதிப் பேருக்குப் பயம் போய்விடும்.

ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே பலாமரம். உள்ளே ஒரு கான்வாஸ் சாய்வு நாற்காலி, ஒரு முக்காலி. டாக்டர் கையைக் கழுவுவார், வாட்சைக் கழற்றிப் பையில் போடுவார், முக்காலியில் உட்காருவார். நோயாளியின் தலைக்கு மேலே நின்றுகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். முதலில் மூன்று கேள்விகள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய்? ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாயா? யாரை நினைத்துக் கவலைப்படுகிறாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருப்பார், எவ்வளவு கூட்டம் வெளியே நின்றாலும்.

பிறகு ஒரு பித்தளைக் கைமணியை எடுத்து நோயாளியின் கையில் கொடுப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று போட்டிருந்த பழைய மணி. "இது உன்னுடையது. எப்போது வேண்டாமென்று தோன்றுகிறதோ அப்போது அடி. அத்தோடு எல்லாம் முடிந்தது. ஏன் அடித்தாய் என்றுகூட நான் கேட்கமாட்டேன்" என்பார்.

தெர்மாமீட்டர் கூட்டின் பளபளப்பான மூடியைக் கண்ணுக்கு ஒரு சாண் மேலே பிடிப்பார். அண்ணாந்து பார்த்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். நோயாளி மூச்சை வெளியே விடும்போது மட்டும் ஒரு வாக்கியம் பேசுவார். உள்ளே இழுக்கும்போது சும்மா இருப்பார். இமை சரிந்ததும் புறங்கையை மெல்லத் தடவி, கை கிணற்று நீரில் முங்கிக் கிடக்கிறது, குளிர்ந்து கனத்துப்போகிறது என்பார். பிறகு ஊசிமுனையால் தொட்டுப் பார்ப்பார். 'வலி' என்ற வார்த்தை அந்த அறைக்குள் வரவே கூடாது. வலிக்காது என்று சொன்னால், மறந்திருந்தவனுக்கும் வலி ஞாபகம் வந்துவிடுமாம். 'தொடுவது மட்டும் தெரியும்' என்றுதான் சொல்ல வேண்டும். எழுப்பும்போது ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணி, இன்றைக்கு வீட்டில் என்ன கறி என்று கேட்பார். பதில் தெளிவாக வந்தால்தான் நாற்காலியை விட்டு இறங்க விடுவார்.

இதை எங்கள் ஊர்க்காரர்கள் 'டாக்டருக்க உறக்கு' என்றார்கள். சபை உபதேசியார்தான் முதலில் வந்தார். கிறிஸ்தவர்கள் இதற்கு உடன்படலாமா, இது பிசாசின் வேலை இல்லையா என்று கேட்டார். டாக்டர் கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கடவுளும் ஆதாமை நன்றாக உறங்க வைத்த பிறகுதானே அவன் விலா எலும்பை எடுத்தார் என்றார். உபதேசியார் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் தன் காலில் இருக்கும் ஆணியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

மற்றவர்களுக்குப் பிசாசைப் பற்றிக் கவலையில்லை. உறக்கினால் ஆள் எல்லாவற்றையும் உளறிவிடும் என்று அவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். ஆரியங்கோட்டிலிருந்து ஒரு மாமியார் மருமகளைக் கூட்டி வந்து, பரணில் இருந்த கருப்பட்டி எங்கே போனது என்று உறக்கிக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். கோட்டுகாலில் மீன்வலை திருடு போன ஒருவர், சந்தேகப்பட்ட மூன்று பேரையும் அழைத்து வந்து வரிசையாக உட்கார வைத்துவிட்டார். டாக்டர் மூவரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூவருக்கும் சொறி இருந்தது. களிம்பு கொடுத்து அனுப்பினார். வலைக்காரர் வெகுநாள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது ஐம்பதுகளில் நடந்த எல்லைப் போராட்ட காலம். தமிழ் பேசும் எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. ஊருக்கு ஊர் கமிட்டி. ஆனால் எங்கள் பக்கத்தில் யார் தமிழர், யார் மலையாளி என்று பிரிப்பது லேசான காரியமில்லை. காலையில் தமிழில் கோஷம் போட்டவர் மத்தியானம் மலையாளத்தில் மீனுக்குப் பேரம் பேசுவார். கோபம் வந்தால் ஒரு மொழி, கொஞ்சும்போது ஒரு மொழி. அதை யாரும் அதுவரை கவனித்ததே இல்லை.

அந்தச் சமயத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் வந்து குதித்தார். முந்தின வாரம் டாக்டர் அவர் மனைவியை உறக்கிப் பல் எடுத்திருந்தார்.

"டாக்டரே, எனக்க பெண்டாட்டி தமிழச்சியாக்கும். பல்லு பிடுங்க வந்தவள நீங்க மலையாளத்தில உறக்கியாச்சு. இப்ப கோழிய எண்ணினாலும் மலையாளத்திலதான் எண்ணுதா. நான் நாளைக்கு கமிட்டியில எந்த முகத்த வச்சிட்டு இருப்பேன்?"

"இதற்கு முன்னால் கோழியை எந்த மொழியில் எண்ணினாள்?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முன்ன நமக்கு கோழி இல்லியே" என்றார்.

நான் வெளியே ஓடிப்போய்ப் பலாமரத்தடியில் நின்று சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்போடு போகவில்லை. டாக்டர் மலையாளத்தில் உறக்கி ஆட்களை மலையாளிகளாக்குகிறார், நாளைக்குக் கணக்கெடுக்க வந்தால் எல்லோரும் தாய்மொழியை மாற்றிச் சொல்லப் போகிறார்கள் என்று பேச்சு பரவிவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. வீங்கிய கன்னத்தோடு வீட்டிலேயே கிடந்தார்கள்.

டாக்டர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எஸ்தரே, இனி தமிழில் நீ உறக்கு" என்றார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. என் குரல் கோழி விரட்டுகிற குரல்; அப்படிச் சொன்னவரும் அவர்தான். முதல் நாள் நான் பிரசங்கத் தமிழில் ஆரம்பித்தேன். "இப்பொழுது உம்முடைய கண்கள் களைப்படைகின்றன" என்றேன். நாற்காலியில் இருந்த கிழவர் கண்ணைத் திறந்து, "சிஸ்டரே, ஜெபம் முடிஞ்ச பிறகு உறக்குவியளா?" என்று கேட்டார். டாக்டர் மூலையில் நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சொல்லித் தந்தது ஒன்றுதான்: வீட்டில் பிள்ளையை எப்படி உறங்க வைப்பார்களோ அப்படிப் பேசு. அதன்பிறகு நான், "கண்ணு தானே சொக்குது மக்கா, சொக்கட்டும், நம்ம என்ன செய்ய" என்று பேசத் தொடங்கினேன். அதில் ஆட்கள் உறங்கினார்கள்.

உடனே மலையாளக் குடும்பங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, சிஸ்டர் தங்களைத் தமிழர்களாக்கிவிடுவாள் என்று. ஆகவே ஒவ்வொருவரிடமும் எந்த மொழியில் உறக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பது என்று டாக்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அம்பூரிக் கிழவி ஒருத்தி இரண்டிலும் வேண்டும் என்றாள். ஒருவர் இங்கிலீஷில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவருக்கு இங்கிலீஷில் 'எஸ்', 'நோ' இரண்டும்தான் தெரியும். டாக்டர் இங்கிலீஷிலேயே பேசினார். அவரும் நன்றாகவே உறங்கினார்.

இனி செல்லையன் கதை. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எனக்கு ஒரே தம்பி, தேவதாசன். வீட்டில் தாசு. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் செல்லம் கொடுத்து வளர்த்த பையன். போராட்டத்தில் இறங்கியபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஓர் ஊர்வலத்தில் தடியடி நடந்தது. அன்று காணாமல் போனவன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் தேடியது, எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. அடிபட்டு எங்கோ செத்துக் கிடக்கிறான் என்று ஒருவர், மதுரைக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர். அம்மா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் டியூட்டிக்குப் போய் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவேன்.

அப்போதுதான் செல்லையனைப் போலீசார் பிடித்து எங்கள் வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். அந்த ஊர்வலத்தில் கொடி பிடித்தவர் அவர்தான். பக்கத்தில் நின்றவன் தாசு. அடியில் மூங்கில் கொடிக்கம்பு முறிந்து, ஒரு சிலாம்பு வலது உள்ளங்கைக்குள் ஏறிவிட்டது. ரப்பர் தோட்டங்களில் ஒளிந்து திரிந்த நாட்களில் அது சீழ்பிடித்துக் கை மொத்தமும் வீங்கியிருந்தது. வார்டு வாசலில் காவலுக்குக் கான்ஸ்டபிள் பரமேசுவரன் என்பவரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் கட்டுப் போடும்போதே நான் அவர் காதருகில் கேட்டேன், "தாசு உங்ககூடத்தானே நின்னான், இப்ப எங்க இருக்கான்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டரே" என்று சுவரைப் பார்த்துக்கொண்டார். தெரியும் என்பது அந்த முகத்திலேயே இருந்தது.

கையைத் திறந்து சீழை எடுத்தாக வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் கையையே எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். சீழ் கட்டிய இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. ஈதர் கொடுத்து மயக்கலாம் என்றால் செல்லையனுக்குக் கடும் மூச்சிழுப்பு. மிச்சம் இருந்தது உறக்குதான்.

செல்லையன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "கை போனா போட்டும் டாக்டரே. உறக்கினா நான் எல்லாத்தையும் பறஞ்சு போடுவேன். என்னை நம்பி ஒளிஞ்சிருக்கிய ஆளுகளு உண்டு. அவியள காட்டிக் குடுக்க என்னால ஒக்காது."

பால் வெட்டுகிறவனுக்கு வலது கை போனால் சோறு போன மாதிரி. அதை அவர் நன்றாக அறிந்தே சொன்னார். என் தம்பிக்காகவும் சேர்த்துத்தான் கையைக் கொடுக்கத் துணிகிறார் என்று எனக்குப் புரிந்தது. 

அவர் பயந்ததற்குக் காரணமும் இருந்தது. அன்றைக்கே இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்க்க வந்து, உறக்கும்போது தனக்காக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றார். "என் அறையில் கையைத்தான் திறப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அதற்கு நீங்கள் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள்" என்று டாக்டர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். ஆனால் செல்லையன் இதையெல்லாம் நம்ப வேண்டுமே.

டாக்டர் அவரிடம் வாதம் செய்யவில்லை. மறுநாள் காலை வார்டுக்கு வந்தவர் நேராகப் பரமேசுவரனிடம் போனார். பரமேசுவரனுக்கு ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல்லில் வேதனை. பல் பிடுங்கும் இடுக்கியைப் பார்த்தால் ஓடுகிற ஆள், முண்டாசு கட்டிக்கொண்டு முனகிக் கொண்டிருந்தார்.

"பல்லை எடுக்கிறேன். உறக்கித்தான். ஆனால் இங்கே, இந்தக் கட்டிலுக்கு முன்னால். எடுத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்வதும் சொல்லாததும் உம்முடைய இஷ்டம். சம்மதமா?"

பரமேசுவரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கடைசியில் பல் ஜெயித்தது. சாய்வு நாற்காலியை வார்டுக்குள் கொண்டுவந்தோம். மணியை அவர் கையில் கொடுத்து, மலையாளத்தில் டாக்டரே உறக்கினார். பல் வந்துவிட்டது. பரமேசுவரன் பால் குடித்த குழந்தையாட்டம் கிடந்தார். வார்டு முழுக்கக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தது.

"நேற்று வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை நீர் இந்த வாசலில் இல்லை. எங்கே போயிருந்தீர்?" என்று டாக்டர் கேட்டார்.

பரமேசுவரன் முகத்தில் மெதுவாக ஒரு புன்னகை பரவியது. அடுத்த நொடி அவர் கை எழுந்தது. தீப்பிடித்த வீட்டில் அடிக்கிற மாதிரி மணியை அடி அடி என்று அடித்தார். கண்ணைத் திறந்து, பஞ்சு அடைத்த வாயோடு, "அது ஞான் பறயூல்லா" என்றார், சொல்ல மாட்டாராம். வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் டைபாய்டு நோயாளிகூடச் சிரித்தார். செல்லையனும் சிரித்தார். சிரித்து முடித்து, மணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர் உறக்கினா செய்யலாம். தமிழிலயாக்கும். மணி எனக்க கையில இருக்கணும்."

அன்று பத்து மணிக்கே கையைத் திறந்தோம். நான் தலைமாட்டில் முக்காலியில். மணி அவருடைய இடது கையில். மூன்று கேள்வியையும் நானே கேட்டேன். யாரை நினைத்துக் கவலை என்று கேட்டதற்கு, "அது சொல்லப்பிடாதே" என்றார். "செரி, சொல்லாண்டாம்" என்றேன். அவர் மூச்சோடு என் மூச்சை வைத்துக்கொண்டு பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் யாரையும் உறக்கியதில்லை. டாக்டர் கத்தியை வைத்தபோது அவர் விரல்கூட அசையவில்லை. ஒரு கிண்ணம் சீழ் வந்தது. கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிலாம்பு. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டார். கையைக் கழுவ மூலைக்குப் போனார்.

கட்டுப் போட வேண்டியது நான். எழுப்ப வேண்டியதும் நான்தான். அறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். செல்லையன் முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. முந்தின இரவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்த அம்மாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது. நான் குனிந்தேன். அதே குரலில், அவர் மூச்சு வெளியே வருகிற நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மக்கா, தாசு எங்க இருக்கான்?"

அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. ஒரு மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. பிறகு இடது கை மெதுவாக எழுந்து, மணியை ஒரே ஒரு தடவை அடித்தது.

டாக்டர் சோப்புக் கையோடு திரும்பினார். செல்லையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் டாக்டர் பக்கம் திரும்பி, "வீட்டில இண்ணைக்கு மரச்சீனிக் கிழங்கும் மீனும் டாக்டரே" என்றார். யாரும் கேட்காத கேள்விக்கு, தெளிவாக, என்னைக் காப்பாற்றும் பதில். ஏன் அடித்தாய் என்று கேட்பதில்லை என்பது டாக்டரின் விதி. அவரும் கேட்கவில்லை.

ஆனால் என்னால் அதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. மத்தியானமே அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"நீங்களும் கான்ஸ்டபிளிடம் கேட்டீர்களே" என்று அழுகையோடு சொல்லிப் பார்த்தேன்.

"நான் கேட்கப் போகிறேன் என்று அவனிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுக் கேட்டேன். நீ திருடப் பார்த்தாய், எஸ்தரே. ஆறு மாதம் அந்த அறைக்குள் நீ போகக் கூடாது. தமிழ்க்காரர்கள் வந்தால் நானே எனக்குத் தெரிந்த தமிழில் உறக்கிக்கொள்கிறேன்." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தம்பி காணாமல் போனதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் உடைந்து அழுதேன்.

மூன்றாம் நாள் செல்லையனுக்குக் கட்டு மாற்றப் போனேன். முகத்தைப் பார்க்கக் கூச்சம். வீக்கம் வடிந்து விரல்கள் அசைந்தன. பரமேசுவரன் வாசலில் ஸ்டூலில். நான் பஞ்சை எடுக்கும்போது செல்லையன் தாழ்ந்த குரலில் பேசினார்.

"நீங்க கேட்டது கேட்டுது சிஸ்டரே. கிணத்துக்க மேல நிண்ணு ஒராளு விளிக்கியது போல. சொல்லணும்னும் தோணிச்சு. பின்ன கையில மணி இருக்கியத நினைச்சேன்."

"என்னை மன்னிக்கணும் செல்லையா" என்றேன்.

அவர் உடனே குரலை உயர்த்தினார், வாசலுக்கே கேட்கும்படி. "அது போட்டு சிஸ்டரே. எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன் உண்டு. அவனுக்கு மரச்சீனி தின்னு தின்னு மடுத்துப் போச்சாம். அவனுக்க அம்மை வச்ச நெத்திலிக் குழம்புக்க ருசி இஞ்ச ஒரு வீட்டிலயும் இல்லேண்ணு எப்பளும் குறை பறச்சில்தான். தின்னியது மூணு நேரமும் நல்லா தின்னியான். உங்கம்மையிட்டயும் இந்தக் கதையச் சொல்லுங்க, சிரிப்பாவ."

 நெத்திலிக் குழம்பு என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஆள்தான், தாசு. வாசலைப் பார்த்தேன். பரமேசுவரன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலாமரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று எண்ணிக் கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு ஏன் சொல்லல்ல?" என்று முணுமுணுத்தேன்.

"அண்ணைக்கு நீங்க எடுக்கப் பாத்திய. இண்ணைக்கு நானாட்டு தாறேன்" என்றார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு கோபம் வந்துவிட்டது. "இஞ்ச இருந்தப்போ உப்பு கூடுதலு, புளி குறைவுண்ணு ஒரு நாளும் வாய மூடாதவனாக்கும். இப்ப ருசி தெரியுதோ?" என்று திட்டிக்கொண்டே போய்ச் சட்டியில் இருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தாசு நாலு மாதம் கழித்து, தாடியோடு, குண்டாகி வந்து சேர்ந்தான். எல்லை பிரித்தபோது எங்கள் ஊர்கள் கேரளத்திலேயே நின்றன. அதில் அவனுக்கு இன்றும் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தைப் பேரப்பிள்ளைகளிடம் மலையாளத்தில்தான் சொல்கிறான். செல்லையனின் சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை நிமிரவில்லை. மற்ற நாலு விரலால் அவர் வருடக்கணக்காகப் பால் வெட்டினார். ஆறு மாதத் தண்டனையை டாக்டர் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் பேசிய தமிழைக் கேட்டு உறங்கியவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். பரமேசுவரன் அந்த வியாழக்கிழமை எங்கே போனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பென்ஷன் வாங்கிய பிறகு ஒரு நாள் பாறசாலைச் சந்தையில் பார்த்தபோது கேட்டேன். காற்றில் மணியடித்துக் காட்டிவிட்டு நடந்துவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அந்த மாணவி சொன்னபடி வந்தாள். பதின்மூன்று கேள்விகளையும் ஐந்து நிமிடத்தில் முடித்தேன். நாலாவது மட்டும் நின்றது. உறக்கத்தில் இருப்பவர் தன் ரகசியத்தைச் சொல்லிவிடுவாரா? இல்லை என்ற கட்டத்தில் அழுத்தமாகக் கோடு போட்டேன். அதற்குக் கீழே, 'உங்களுக்கு இது எப்படித் தெரியும்?' என்று கேட்டு, ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

'நானே கேட்டுப் பார்த்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.